கொழும்பில் ஒரு மாலை: நண்டுக்கா, வைனுக்கா, சோற்றுக்கா?

நல்லூர்த் திருவிழாவை ஒட்டி இலண்டனிலிருந்தும் ரொறன்ரோவிலிருந்தும் வரும் உறவுகளில் பலர், கட்டுநாயக்காவில் இறங்கி யாழ்ப்பாணத்துக்கு ரயிலோ பஸ்ஸோ ஏறுமுன் கொழும்பில் ஓரிரு இரவு தங்குகிறார்கள். அலுவலாகச் சென்னையிலிருந்து வருபவர்களின் நிலையும் ஏறத்தாழ இதுதான். இவர்கள் கேட்பது ஒரே கேள்வி: கையில் இருப்பது ஒரு மாலை, நல்ல சாப்பாடும் வேண்டும், ஒரு கிளாஸ் வைனோடு ஆறுதலாக இருந்து கதைக்கவும் வேண்டும், எங்கே போவது?

இந்தக் கேள்விக்கு உணவகப் பெயர்களை அடுக்கிப் பதில் சொல்வது எளிது. ஆனால் கொழும்பைப் பொறுத்தவரை மிக நல்ல சாப்பாடும் மிக நல்ல கிளாஸும் ஒரே மேசைக்கு வருவது அரிது. நம்முடைய சமையல் உச்சத்தில் இருக்கும் கடைகளில் மதுபானம் கிடையாது. வைன் பட்டியல் நீளமாக இருக்கும் இடங்களில் கறி அடக்கி வாசிக்கிறது. ஆகவே அந்த மாலை முதன்மையாக எதற்கு என்பதைத் தீர்மானித்துவிட்டுப் பகுதியைத் தெரிவு செய்வதே சரியான ஒழுங்கு. கோட்டை, காலிமுகத்திடல், கொள்ளுப்பிட்டியை அண்டிய முற்றத்து உணவகங்கள், வெள்ளவத்தை என்னும் நான்கு தெரிவுகளை இங்கே எடைபோட்டுப் பார்க்கலாம்.

## எதை வைத்துத் தீர்மானிப்பது

முதலில் பார்க்க வேண்டியது, தட்டில் வருவது இந்த ஊருக்கு உரியதா என்பது. ரொறன்ரோவில் கிடைக்கும் அதே பாஸ்தாவைக் கொழும்பில் சாப்பிடுவது குற்றமல்ல, ஆனால் ஒரே மாலை உள்ளவருக்கு அது வீண்செலவு.

அடுத்தது மொத்தப் பில். மெனுவில் அச்சிடப்பட்டிருக்கும் விலையை நம்பிக் கணக்குப் போடக் கூடாது. விலைக்குப் பக்கத்தில் இரண்டு கூட்டல் குறிகள் இருந்தால், 10 வீதச் சேவைக் கட்டணமும் வரியும் இன்னும் சேரவில்லை என்று பொருள். பெறுமதி சேர் வரி 2024 ஜனவரியிலிருந்து 18 வீதமாக இருப்பதால், 10,000 ரூபா என்று நினைத்துச் சாப்பிட்டது 13,000 ரூபாவை நெருங்கி வந்து நிற்கும். வெளிநாட்டு அட்டையால் செலுத்துபவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: இயந்திரம் பவுணிலா ரூபாவிலா என்று கேட்டால் ரூபாவையே தெரிவு செய்யுங்கள், இல்லாவிட்டால் பாதகமான மாற்று வீதத்தில் இன்னொரு துண்டு பணம் போய்விடும்.

பிறகு, யார் யார் வருகிறார்கள் என்பது. மச்சம் (அசைவம்) சாப்பிடாத அம்மம்மா, காரம் தாங்காத பிள்ளை, தொடங்கினால் எழும்பவே மனமில்லாத மாமா ஆகிய மூவரையும் ஒரே மேசையில் திருப்திப்படுத்தும் இடங்கள் கொழும்பில் உண்டு. ஆனால் அவை ஒவ்வொருவருக்கும் மிகச் சிறந்த இடமாக இருப்பதில்லை.

கடைசியாக நாட்காட்டி. ஒவ்வொரு பூரணையும் போயா விடுமுறை. அன்று மதுபான விற்பனை கிடையாது, நட்சத்திர ஹோட்டல்களின் பார்களும் மூடப்பட்டிருக்கும். வெசாக்குக்கு இரண்டு நாட்கள். விமானச் சீட்டுப் பதியும்போதே இதைப் பார்ப்பவர் எவரும் இல்லை, வந்து இறங்கிய பின்னர் கோபப்படுபவர்களோ பலர்.

## வைன் பற்றி முன்கூட்டியே ஒரு சொல்

இங்கே மேசைக்கு வரும் வைன் போத்தல்கள் அநேகமாக எல்லாமே இறக்குமதி. பெரும்பாலும் அவுஸ்திரேலியா, சிலி, தென்னாபிரிக்கா, பிரான்ஸ், இத்தாலி ஆகிய நாடுகளுடையவை. இறக்குமதி வரிகளின் மேல் உணவகத்தின் இலாபம், அதன் மேல் சேவைக் கட்டணம், அதன் மேல் பெறுமதி சேர் வரி என்று அடுக்கடுக்காக ஏறுவதால், இலண்டன் சூப்பர் மார்க்கெட்டில் கவனிக்காமலே கடந்துபோகும் ஒரு போத்தல் இங்கே சாப்பாட்டையே மிஞ்சும் விலைக்கு விற்கப்படுவதுண்டு. ஐரோப்பாவில் பழகியவர்கள் எதிர்பார்க்கும் தனி வைன் பார்க் கலாசாரமும் இங்கே மெல்லியது. வைன் அருந்த விரும்புபவர் உண்மையில் ஹோட்டல் பார்களையும் பெரிய உணவகங்களையுமே நாட வேண்டும். தெருவோரம் 'வைன் ஸ்டோர்ஸ்' என்று பலகை தொங்கும் கடைகள் கம்பி வலைக்குப் பின்னால் சாராயமும் பியரும் விற்கும் கடைகள். அங்கே உட்கார இடம் இல்லை.

கிளாஸ் கணக்கில் வாங்குவதானால், போத்தல் எப்போது திறக்கப்பட்டது என்று கேட்கத் தயங்க வேண்டாம். விற்பனை மெதுவாக இருக்கும் இடத்தில் திறந்த சிவப்பு வைன் நாட்கணக்கில் நிற்கும், அதுவும் கொழும்பு வெப்பத்தில் நின்றால் வாயில் புளிப்பும் சாராய நெடியும் மட்டுமே மிஞ்சும். சிவப்பு வைனைச் சற்றுக் குளிர வைத்துத் தரச் சொல்வது இங்கே நாகரிகக் குறைவல்ல. இன்னொரு வழியும் உண்டு: சில உணவகங்கள் நீங்கள் கொண்டுவரும் போத்தலைத் திறந்து பரிமாற ஒரு கட்டணம் அறவிடுகின்றன. விமான நிலையத்துத் தீர்வையற்ற கடையில் வாங்கிய போத்தல் பையில் இருந்தால், மேசை பதியும்போதே இதைக் கேட்டு வைப்பது நல்லது.

என் பரிந்துரையைக் கேட்டால், வைனுக்குச் செலவழிக்க நினைத்திருக்கும் பணத்தில் பாதியைத் தென்னஞ்சாராயத்துக்குத் திருப்புங்கள். தென்னம்பாளையில் இறக்கிய கள்ளைக் காய்ச்சி வடித்து, மரப்பீப்பாக்களில் ஆறவிட்டு எடுக்கும் நல்ல பழஞ்சாராயம், இஞ்சிச் சோடாவும் தேசிக்காய்ப் புளியும் சேரும்போது, எந்த இறக்குமதி வைனையும்விட இந்த ஊர்க் காற்றுக்கு ஒத்துப்போகிறது, விலையும் குறைவு. சட்டப்படி 21 வயது நிறைந்திருக்க வேண்டும். பெண்களுக்கு மதுபானம் விற்பதைத் தடுக்கும் பழைய விதியை 2018 ஜனவரியில் நிதி அமைச்சு நீக்க, சில நாட்களுக்குள் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன அதை மீளக் கொண்டுவரப் பணித்த செய்தி வெளிநாடுகளிலும் பரவியது. அதை வைத்துப் பயப்படத் தேவையில்லை. ஹோட்டல்களிலும் உணவகங்களிலும் பெண்கள் மேசையில் இருந்து அருந்துவது வழமையானதே.

## கோட்டை: ஒல்லாந்தர் ஆஸ்பத்திரி வளாகம்

17ஆம் நூற்றாண்டில் ஒல்லாந்தர் கட்டிய ஆஸ்பத்திரி, தடித்த சுவர்களும் நீண்ட விறாந்தைகளும் உள்முற்றங்களுமாக, உலக வர்த்தக மையத்தின் இரட்டைக் கோபுரங்களுக்கு அருகில் பதிந்து கிடக்கிறது. 2011இல் கடைகளும் உணவகங்களும் கொண்ட வளாகமாக அது திறக்கப்பட்டது. அதே ஆண்டில் சமையற்கலைஞர் தர்ஷன் முனிதாசவும் கிரிக்கெட் வீரர்களான மஹேல ஜயவர்தன, குமார் சங்கக்கார ஆகியோரும் சேர்ந்து அங்கே தொடங்கிய 'மினிஸ்ட்ரி ஒவ் க்ராப்' இன்று கொழும்பில் வெளியூரார் மிக அதிகமாகத் தேடும் உணவகங்களில் ஒன்று.

இந்த நாட்டின் களப்புகளில் பிடிபடும் பெரிய சேற்று நண்டுகள் நெடுங்காலமாகச் சிங்கப்பூருக்கு ஏற்றுமதியாகி, அங்கேதான் பெயர் பெற்றன. ஏற்றுமதித் தரத்து நண்டை உள்ளூரிலேயே நிறுத்திச் சமைப்பதுதான் இந்த உணவகத்தின் அடிப்படை எண்ணம், அதை ஒழுங்காகவும் செய்கிறார்கள். அரைக் கிலோவிலிருந்து இரண்டு கிலோ வரை நிறைவாரியாக நண்டைத் தெரிவு செய்ய வேண்டும். மறைந்திருக்கும் செலவும் இங்கேதான்: நிறை என்பது ஓடும் சேர்ந்த நிறை, அத்தோடு நண்டு பெரிதாகப் பெரிதாகக் கிலோவுக்கான விலையும் ஏறும். இருவர் போனால் ஒரு கிலோ நண்டு ஒன்றும் தொட்டுச் சாப்பிடப் பாணும் போதும்; பெரிய நண்டு படத்துக்கு நன்றாக இருக்கும், அவ்வளவுதான்.

சமைக்கும் முறையில் மிளகு நண்டை எடுங்கள். கொரகொரப்பாக நசுக்கிய மிளகின் உறைப்பு நண்டின் இனிப்பை மூடாமல் அதன் பின்னால் நிற்கிறது. ஓட்டுக்குள் தேங்கிய குழம்பைப் பாணால் துடைத்து எடுக்கும்போது அந்தச் செலவு ஏன் என்று விளங்கும். கறியாகச் சமைத்த நண்டு வேண்டுமென்றால் இங்கே வராதீர்கள், அதற்கு வெள்ளவத்தை இருக்கிறது. வைன் பட்டியல் இருந்தாலும், இரு கையும் விரல் நுனிவரை குழம்பில் இருக்கும் ஒருவர் கிளாஸின் தண்டைப் பிடிப்பதும் துடைப்பதும் மறுபடி பிடிப்பதுமாக அவதிப்படுவதைப் பக்கத்து மேசைகளில் பார்த்தால், ஒரு குளிர்ந்த பியரோடு நிறுத்திக்கொள்ளத் தோன்றும்.

இருவர் அல்லது நால்வர், நல்ல வருவாய், கொண்டாட ஒரு காரணம் என்று இருந்தால் கோட்டையே சிறந்தது. மேசையை முன்கூட்டியே பதிய வேண்டும், விரும்பும் நிறையைப் பதியும்போதே சொல்லிவிட வேண்டும். இரவு ஏற ஏற நடுத்தர அளவுகள் தீர்ந்துபோகும். சைவ உணவுக்காரருக்கு இந்த மேசையில் இருப்பதே தண்டனை. எட்டுப் பேர் கொண்ட குடும்பமாகப் போகவும் இது இடமல்ல.

## காலிமுகத்திடல்: விறாந்தையும் திடலும்

1864இல் தொடங்கிய கால்பேஸ் ஹோட்டல் திடலின் தென் முனையில் கடலை ஒட்டி நிற்கிறது. அதன் வெளி முற்றத்து மேசைகளில் சூரியன் மறையும் நேரத்தில் இருப்பது, சாப்பாட்டை விட்டுவிட்டு மதுவை மட்டும் நினைத்தால், கொழும்பின் மிகச் சிறந்த இருக்கை என்பது என் துணிபு. இந்த நாட்டில் ஆண்டு முழுவதும் சூரியன் ஆறு மணியை ஒட்டியோ ஆறரைக்குள்ளோ மறைந்துவிடுவதால், ஐந்தரைக்கே போய் இடம் பிடிக்க வேண்டும். காற்று உப்போடு வரும், காகங்கள் கடலைத் தட்டைக் குறிவைக்கும், பில் சிறிதல்ல. இருந்தும் ஒரு சாராயக் கலவையையோ ஒரு வெள்ளை வைனையோ ஒரு மணி நேரத்துக்கு நீட்டி வைத்துக்கொண்டு இருக்க எவரும் அவசரப்படுத்துவதில்லை.

திடலைச் சுற்றியுள்ள ஏனைய பெரிய ஹோட்டல்கள் வேறொரு தேவைக்கானவை. தாஜ் சமுத்ரா, 2017இல் திறந்த ஷங்ரிலா, 2024இல் திறந்த ஐ.டி.சி. ரத்னதீப ஆகியவற்றில் குளிரூட்டி, சக்கர நாற்காலிக்கு வழி, துப்புரவான கழிவறை, பிள்ளைகளுக்கு ஏதாவது ஒன்று, சைவருக்கு ஏதாவது ஒன்று என எல்லாம் உண்டு. பல தலைமுறைகளாக வரும் பெரிய குடும்பத்துக்கு, தலைக்கு இவ்வளவு என்று முன்பே தெரியும் இரவு பஃபே நிம்மதி தரும். அதன் மறைமுகச் செலவு தண்ணீர்ப் போத்தலும் குளிர்பானமும்; அவை தலைக்கணக்கில் அடங்குகின்றனவா என்று முதலே கேளுங்கள். பஃபேயில் எல்லோருக்கும் ஏற்ற மாதிரி உறைப்பைக் குறைத்து வைத்திருக்கும் கறியில் யாழ்ப்பாணத்து நாக்குக்கு எதுவும் தட்டுப்படாது என்பதையும் ஏற்றுக்கொண்டே போக வேண்டும்.

திடலில் தள்ளுவண்டிகளில் விற்கும் இறால் வடையை மறந்துவிட்டு வராதீர்கள். பருப்பு வடையின் மேல் முழு இறால்களை ஓட்டோடு பதித்துப் பொரித்து, வெங்காயமும் மிளகாயும் போட்டுத் தருவார்கள். வண்டியில் ஏற்கெனவே குவித்து வைத்திருப்பதை வாங்காமல், உங்கள் கண் முன்னால் எண்ணெயிலிருந்து எடுப்பதை மட்டும் வாங்குங்கள்.

## முற்றத்து உணவகங்கள்: கொள்ளுப்பிட்டியிலிருந்து பம்பலப்பிட்டி வரை

கதைப்பதுதான் நோக்கம், சாப்பாடு துணைக்கு என்றால் இந்தப் பகுதி. அல்பிரட் ஹவுஸ் வீதியில் உள்ள 'பரடைஸ் ரோட் கலரி கபே' ஒரு காலத்தில் கட்டடக் கலைஞர் ஜெப்ரி பாவாவின் அலுவலகமாக இருந்தது. தெருவிலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. ஒரு முற்றத்தைக் கடந்து இன்னொரு முற்றம், அதற்குள் நீர்த்தடாகம், மேலே திறந்த வானம் என்று உள்ளே போகப் போகக் காலி வீதியின் இரைச்சல் காதிலிருந்து கழன்றுவிடும். நான்கு தெரிவுகளிலும் வைன் கிளாஸோடு இரண்டு மணி நேரம் இருந்து பேசப் பொருத்தமான இடம் இதுவே. சாப்பாடு நன்றாக இருந்தாலும் அதற்காக மட்டும் கடல் கடந்து வர வேண்டியதில்லை. இங்கே பணம் கொடுப்பது முற்றத்துக்கு. இனிப்பு வகைகளுக்கு வயிற்றில் இடம் வைத்துக்கொள்வது புத்திசாலித்தனம்.

காலி வீதியிலேயே, பார்பரா சன்சோனி தொடங்கிய 'பெயார்புட்' கைத்தறிக் கடையின் பின்முற்றத்தில் இருக்கும் கபே பகலுக்கான இடம். மதியச் சாப்பாடு, புத்தகக் கடை, வாங்கிப்போகத் துணி என்று ஒரே வளவில் மூன்று வேலை முடியும். இரவு விமானத்துக்குக் காத்திருப்பவர்களுக்கு ஏற்றது.

திறந்த முற்றம் என்பதால் நுளம்பும் மழையும் இந்தத் தெரிவின் குறைகள். ஒக்டோபர், நவம்பர் மாலைகளில் இடியோடு பெய்யத் தொடங்கினால் உள்ளே இருக்கும் சில மேசைகளுக்குப் போட்டியாகிவிடும்.

## வெள்ளவத்தை: சோறும் கூழும்

இங்கே மதுவை மறந்துவிடுங்கள். மற்ற எல்லாவற்றிலும் இந்தப் பகுதியே முந்துகிறது. காலி வீதிக்கும் கடலோரத்து மெரைன் டிரைவுக்கும் இடைப்பட்ட ஒழுங்கைகளில் தமிழ்ச் சாப்பாட்டுக் கடைகள் நெருக்கமாக இருக்கின்றன. மெரைன் டிரைவை அண்டிய 'யாழ்' உணவகத்தில் நண்டுக் கறி, கணவாய், பிட்டு, ஒடியல் கூழ் என்று யாழ்ப்பாணத்துப் பட்டியலே விரியும். காயவைத்த பனங்கிழங்கை இடித்த ஒடியல் மாவில் மீன், இறால், நண்டு, பயற்றங்காய், மரவள்ளி, பலாக்கொட்டை எல்லாம் சேர்ந்து கொதிக்கும் கூழை இதுவரை குடித்திராத சென்னை நண்பருக்குக் கொழும்பில் காட்ட வேண்டிய முதற் பொருள் அதுதான். எல்லா நேரமும் இருக்கும் என்று எண்ணாமல், கேட்டுவிட்டுப் போவது நல்லது.

நண்டுக் கறியைக் கோட்டையோடு ஒப்பிட்டுப் பார்க்கத்தான் வேண்டும். இங்கே வருவது அநேகமாகச் சிறிய நண்டு, சதை குறைவு. ஆனால் வறுத்த தூளும் தேங்காய்ப்பாலும், இறக்கும் தறுவாயில் தூவிய முருங்கை இலையும் சேர்ந்த அந்தக் குழம்பை வெறும் சோற்றில் பிசைந்து சாப்பிட்டவருக்கு, ஒரு கிலோ நண்டின் விலை சற்று மிகையாகத் தோன்றலாம். "அண்ணை, இன்னும் கொஞ்சம் குழம்பு விடட்டோ?" என்று கேட்டுக்கொண்டே ஊற்றிவிடுவார்கள், அதற்குத் தனிக் கணக்கு இல்லை.

மச்சம் சாப்பிடாதவருக்கு இராமகிருஷ்ணா வீதியில் உள்ள 'சண்முகாஸ்' இருக்கிறது. தோசை, வடை, இடியப்பம், சொதி என்று பழகிய பட்டியல்தான், ஆனால் முதியவர்களோடு போய் அமைதியாகச் சாப்பிட்டுவிட்டு வரக்கூடிய ஒழுங்கு அங்கே உண்டு.

குறைகளையும் சொல்ல வேண்டும். மேசைகள் நெருக்கம், சாப்பிட்டு முடிந்ததும் எழும்புமாறு யாரும் சொல்லாவிட்டாலும் வாசலில் நிற்பவர்களின் பார்வை சொல்லிவிடும். வாகனம் நிறுத்த இடம் தேடுவதற்குள் பசி போய்விடும், ஆகவே 'பிக்மீ' செயலியில் அழைக்கும் ஓட்டோவில் வருவதே மேல். இருந்து கதைக்க வேண்டுமென்றால் சாப்பிட்டபின் மெரைன் டிரைவில் நடந்துகொண்டு கதைக்கலாம்.

இங்குள்ள சமையலும் வேண்டும், ஹோட்டலின் விசாலமும் வேண்டும் என்பவர்கள் கொள்ளுப்பிட்டி ரேணுகா சிட்டி ஹோட்டலில் உள்ள 'பல்மைரா' உணவகத்தைப் பார்க்கலாம். யாழ்ப்பாணத்துக் கறிகளை அமைதியான மேசையில் வைத்துத் தருகிறார்கள், விலை அதற்கேற்ப.

## பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்

| | கோட்டை | காலிமுகத்திடல் | முற்றத்து உணவகங்கள் | வெள்ளவத்தை |
|---|---|---|---|---|
| முதன்மையான காரணம் | பெரிய நண்டு | கடலோர மாலை | உரையாடல் | யாழ்ப்பாணச் சமையல் |
| வைன் | உண்டு, கை ஓயாது | உண்டு, சூழல் சிறப்பு | உண்டு, மிகப் பொருத்தம் | இல்லை |
| பில் | மிக அதிகம் | அதிகம் | நடுத்தரத்துக்கு மேல் | குறைவு |
| மறைந்த செலவு | ஓட்டு நிறை, வரி | தண்ணீர், வரி | வைனின் விலை | வாகனம் நிறுத்துதல் |
| சைவருக்கு | ஆகாது | ஆகும் | ஓரளவு | மிக நன்று |
| போயா நாளில் | நண்டுக்கு மட்டும் | இறால் வடைக்கு | பகல் சாப்பாட்டுக்கு | எந்த மாற்றமும் இல்லை |

## ஒரு மாலையை இரண்டாகப் பிரிக்கும் வழி

மேலுள்ள நான்கில் ஒன்றை மட்டும் எடுக்க வேண்டிய கட்டாயம் உங்களுக்கு இல்லாவிட்டால், நான் சொல்வது இதுதான்: ஐந்தரைக்குக் கால்பேஸ் ஹோட்டல் முற்றத்தில் ஒரே ஒரு கிளாஸ், இருட்டியதும் வெள்ளவத்தையில் சாப்பாடு. ஒரு கிளாஸோடு நிறுத்தினால் வரிச் சுமை தாங்கக்கூடியது, சாப்பாட்டுக்குப் பணமும் பசியும் மிஞ்சும். காரமான கறிக்கு வைன் பொதுவாக ஒத்துழைப்பதுமில்லை. மதுசார வீதம் கூடிய சிவப்பு வைன் மிளகாயின் எரிவை மேலும் ஏற்றிவிடும். இரண்டையும் பிரித்து வைப்பதால் இழப்பு ஒன்றும் இல்லை.

அலுவலகம் விடும் நேரத்தில் காலி வீதி நகராது என்பதால், ஏழு மணிக்குப் பிறகு புறப்படுவது உசிதம். ஓட்டோ வேண்டாதவர்கள் கொள்ளுப்பிட்டி நிலையம் வரை நடந்து கரையோர ரயிலில் ஏறினால், பம்பலப்பிட்டியை அடுத்து வெள்ளவத்தை; தண்டவாளம் அலைகளுக்கு மிக அருகில் ஓடுகிறது.

இருவர் மட்டுமே, பணம் பெரிதில்லை, மறுபடி எப்போது வருவோம் என்று தெரியாது என்பவர்கள் இந்தப் பிரிப்பைத் தவிர்த்துக் கோட்டைக்கே போகட்டும். நெடுநாள் காணாத நண்பரைச் சந்திப்பவர் முற்றத்துக்குப் போகட்டும். அம்மம்மாவும் பேரப்பிள்ளைகளுமாகப் பத்துப் பேர் வந்திருந்தால், முதலில் திடலில் பட்டம் விடவிட்டு, பிறகு சைவத்துக்குச் சண்முகாஸுக்கோ எல்லாருக்குமான ஹோட்டல் பஃபேக்கோ கூட்டிச் செல்லலாம். இவை எல்லாம் முடிந்தும் நள்ளிரவில் பசித்தால், கொள்ளுப்பிட்டி காலி வீதியில் 'பிலாவூஸ்' கடையின் இரும்புத் தட்டில் கொத்து ரொட்டி கொத்தும் சத்தம் தூரத்திலேயே கேட்கும். சீஸ் கொத்தை ஒருவருக்கு ஒன்று என்று சொல்லாமல், இருவருக்கு ஒன்று என்று சொல்லுங்கள்.